எட்டாவது நாற்காலி

ஒரு பழைய நாற்காலி கடையில் வந்து இறங்கினால் ரம்லா அதைத் துடைக்க மாட்டாள், சுரண்ட மாட்டாள். முதலில் அதில் உட்கார்ந்துகொள்வாள். ஒரு மணி, இரண்டு மணி நேரமல்ல, நாலைந்து நாள். அரிசி பொறுக்குவது, வெங்காயம் உரிப்பது, பேப்பர் படிப்பது, மத்தியானம் கண்ணயர்வது எல்லாம் அதில்தான். “உக்காந்தே சம்பாதிக்கற பொம்பள இந்த உக்கடத்துல நீ ஒருத்திதான்” என்று புருஷன் ரசாக் கேலி செய்வான். செய்துவிட்டுப் போகட்டும். கடையே அந்த உட்காரலில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது அவனுக்கும் தெரியும்.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷம். கொங்குச் சீமையின் வசதியான வீடுகளுக்கெல்லாம் தங்கள் மரச்சாமான்களைப் பார்த்துத் திடீரென்று வெட்கம் வந்திருந்தது. பனியனிலும் நூலிலும் காசு பார்த்தவர்கள் சன்மைக்கா ஒட்டிய சாப்பாட்டு மேஜையும் ரெக்சின் சோபாவும் வாங்கிப் போட்டார்கள். தேக்குக் கட்டிலும் ஈட்டி மர பீரோவும் மாட்டுக் கொட்டகைக்குப் போயின. அங்கிருந்து ரசாக்கின் டெம்போவில் ஏறிக் கோயமுத்தூர் உக்கடத்துக்கு வந்தன. ரம்லாவின் கையில் ஒரு மாதம் இருந்துவிட்டு, ஊட்டிக்கும் குன்னூருக்கும் கொச்சிக்கும் ராஜ மரியாதையோடு போயின.

அந்த ஒரு மாதத்தில் அவள் செய்ததை வெறும் வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது வருஷத்துப் பெயின்டை மரத்துக்கு வலிக்காமல் உரிப்பாள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் சுற்றிய பஞ்சால் தொட்டுத் தொட்டு இருபது பூச்சு பூசுவாள். ஒடிந்த காலுக்குப் புதுக்கால் வைத்தால், எது புதுக்கால் என்று அதை வைத்த ஆசாரிக்கே மறந்துபோகும். மற்ற கடைகளிலும் புதுமரத்தைப் பழசாக்கத்தான் செய்தார்கள். சைக்கிள் செயினால் நாலு சாத்து சாத்துவார்கள், ஆசிட் ஊற்றுவார்கள், குத்தூசியால் ஓட்டை போட்டுவிட்டுப் பூச்சி அரித்தது என்பார்கள். அப்படிப் பழசான சாமான், பள்ளிக்கூட நாடகத்தில் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்ட பையனைப் போல் நிற்கும். ரம்லாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

“வருசம் போனா மட்டும் மரம் தேயாது. ஆளு பொழங்கினாத்தான் தேயும். எந்த ஆளுன்னே தெரியாம எங்க போயித் தேய்க்கறது?” என்பாள்.

இவ்வளவு கைவேலைக்கும் வெளியே பெயர் வாங்கியவர் ஒரு பாலக்காட்டு மேஸ்திரி. அப்படி ஒருவர் கிடையவே கிடையாது. பெண்பிள்ளை செய்தது என்றால் வாங்குகிறவர்கள் இளப்பமாகப் பார்ப்பார்கள் என்று ரசாக் அவரைக் கற்பனையில் பெற்று வளர்த்திருந்தான். ஆரம்பத்தில் ரம்லாவுக்கும் அது வேடிக்கையாக இருந்தது. பத்து வருஷத்தில் வேடிக்கை குறைந்துவிட்டது.

அந்த ஆவணியில் குன்னூரிலிருந்து அழகிரிசாமி வந்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்த முதலாளிக்கு அவர் மேனேஜர். சாப்பாட்டுக் கூடத்துக்கு எட்டு நாற்காலி வேண்டும், எட்டும் ஒரே வீட்டில் புழங்கியதாக இருக்க வேண்டும், அது நல்லபடியாக அமைந்தால் இருபத்திரண்டு அறைக்கும் கட்டில், பீரோ, மேஜை எல்லாம் இங்கேயே எடுப்போம் என்றார். ரசாக்குக்கு வாயெல்லாம் பல். வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்றில் அவன் பார்த்து வைத்திருந்த, கை வைத்த தேக்கு நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. “எட்டும் ஒரே ஊட்டுதுங்க சார்” என்று அடித்துச் சொல்லிவிட்டான்.

போய் ஏற்றியபோது ஏழுதான் இருந்தது. வீட்டுக்காரர் பாலுசாமி, “எங்கப்பாரு காலத்துல எட்டுங்க. பாகம் பிரிக்கறப்ப ஒண்ணு கோபிசெட்டிபாளையத்துச் சித்தப்பா ஊட்டுக்குப் போயிருச்சு” என்றார். ரசாக் விடாமல் கோபிக்கும் போனான். அந்த எட்டாவது நாற்காலி வெந்நீர் அடுப்பில் எரிந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

“ஏழு அந்த ஊட்டுது, ஒண்ணு நாங்க செஞ்சதுன்னு அவர்கிட்டச் சொல்லிருங்க” என்றாள் ரம்லா.

“எட்டுன்னு சொல்லிப்போட்டு இப்ப ஏழுன்னா, அந்த மனுசன் அப்புறம் நம்ம பக்கம் தலை வெச்சுப் படுப்பாரா?”

“சொல்லாம செஞ்சு மாட்டிக்கிட்டா? மலைமேல ஒரு பங்களா பாக்கியில்லாம சொல்லிருவாரு, உக்கடத்துப் பாய் பொய்ச் சாமான் விக்கறான்னு. அதோட கடையை மூட வேண்டியதுதான்.”

“மாட்டாம செய்யறதுக்குத்தான் நீ இருக்கறியே” என்றான் ரசாக்.

பாராட்டா, பழியைத் தலையில் கட்டுவதா என்று தெரியாத இந்த மாதிரிப் பேச்சில் அவன் கெட்டிக்காரன். ரம்லாவுக்குக் கோபம் வந்தது. கூடவே, மறைப்பானேன், ஆசையும் வந்தது. ஒரு கால், ஒரு கை என்று பழசாக்கியிருக்கிறாளே தவிர, ஏழு நிஜ நாற்காலிகளுக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் நிற்கும்படி ஒரு முழு நாற்காலியை அவள் செய்ததில்லை.

இடித்த வீடு ஒன்றின் தேக்கு உத்தரத்தை அறுத்து, ஆசாரி ராமுலு நாலு நாளில் நாற்காலியைச் செய்து கொடுத்தார். அளவு அச்சு அசல். ஆனால் யாரும் உட்காராத மரம், வெறும் மரமாகவே நின்றது.

ரம்லா மற்ற ஏழிலும் மாறி மாறி உட்கார்ந்தாள். ஒன்றின் வலது கை நுனியில் சின்னச் சின்னப் பள்ளங்கள். மோதிரக் கையால் தட்டித் தட்டிப் பேசுகிற மனுஷன், கோபக்காரர். இன்னொன்றின் கைக்கு அடியில் விரலை விட்டால் சொரசொரவென்று காய்ந்த சுண்ணாம்பு. வெற்றிலை போட்டுவிட்டு யாருக்கும் தெரியாமல் அங்கே துடைத்திருக்கிறார். மூன்றாவதன் பின்னங்கால்கள் மட்டும் தரையில் படும் இடத்தில் சரிவாகத் தேய்ந்திருந்தன. முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஆடுகிற ஆள், எந்தப் பேச்சிலும் மனசு ஒட்டாதவர். ஒன்றின் தலைமாட்டில் எண்ணெய் ஊறி மரம் கறுத்துக் கிடந்தது. ஊர் நியாயம் நடக்கும்போதே தூங்கிப்போகிறவர். இப்படி ஏழு பேரையும் கண்டுபிடித்துவிட்டாள். ஏழு பேரும் ஆண்கள்.

அப்படியானால் எட்டாவது யார்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் ரம்லாவுக்குத் தோன்றியது. வீட்டுக்காரி. அடுப்படி வாசலுக்குப் பக்கத்தில் கிடக்கும் நாற்காலி. வேலை ஓய்ந்ததும் வந்து உட்காருவாள், மொச்சை உரிப்பாள், ஆண்கள் பேச்சில் ஒரு காதை வைத்திருப்பாள். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பிழைப்பவளுக்கு இதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

பதினெட்டு நாள் ரம்லா அந்த வீட்டுக்காரியாக இருந்தாள். இரண்டு கையிலும் வளையலை அடுக்கி, உப்புத்தாளை மெல்லிசாகக் கிழித்து அதன்மேல் சுற்றிக்கொண்டு மொச்சை உரித்தாள், பூண்டு உரித்தாள், முருங்கைக்கீரை உருவினாள். கை போய் வந்த இடத்திலெல்லாம், நாற்காலிக் கையின் உள்பக்கத்தில் மெல்லிய கீறல்கள் வளைந்து வளைந்து விழுந்தன. இடது காலை மடித்துப் போட்டு உட்கார்ந்து பார்த்து, அந்தக் கால் படுகிற இடத்தைச் சீசாவின் அடியால் தேய்த்து வழவழப்பாக்கினாள். கால் வைக்கும் கட்டையில் மெட்டி உரசிய தடத்தை ஓர் இரும்பு வளையத்தால் போட்டாள். துருப்பிடித்த ஆணிகளைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, அந்தக் கறுப்பை மூலை முடுக்குகளில் தடவினாள். அதற்கு மேல் டீத்தண்ணீர், அரக்கு, கடைசியில் தேன்மெழுகு. நடுவில் ஒருநாள் முதுகுப் பலகையின் நிறம் ஒரு பிடி கூடிவிட்டது. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் மூன்று நாள் வேலையைச் சுரண்டிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

முடிந்ததும் எட்டையும் கலந்து வரிசையாகப் போட்டு ரசாக்கைக் கூப்பிட்டாள். அவன் குனிந்து பார்த்தான், தடவிப் பார்த்தான், முகர்ந்துகூடப் பார்த்தான். கடைசியில் பாலுசாமி வீட்டு நிஜ நாற்காலி ஒன்றைக் காட்டி, “இதானே?” என்றான். ராமுலு ஆசாரி வந்து, தான் அறுத்த மரத்தைத் தானே கால் மணி நேரம் தேடினார். ரம்லா அன்று மத்தியானம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கத்தானே வேண்டும், அப்படிப்பட்ட வேலை அது.

மறுநாள் அழகிரிசாமியின் போன் வந்தது. ஓட்டலுக்கு வருகிறவர்கள் படிப்பதற்காக, நாற்காலிகளின் கதையை அட்டையில் அச்சடித்து மாட்டப் போகிறாராம். வெள்ளகோவில் போய் வீட்டைப் போட்டோ எடுத்தாயிற்றாம். பாலுசாமியின் அம்மா பழனாத்தாளுக்குக் கல்யாண ஜவுளி எடுக்கக் கோயமுத்தூர் வரும் வேலை இருக்கிறதாம். அந்த அம்மாளையும் காரில் ஏற்றிக்கொண்டு நேரே கடைக்கு வருகிறாராம்.

“எந்தச் சேர்ல யாரு உக்காந்தாங்கன்னு அவங்க வாயாலயே கேட்டு எழுதிக்கலாம் பாய்” என்றார்.

போனை வைத்த ரசாக்கின் முகத்தில் ஈயாடவில்லை. “நாம ஏத்தினப்ப அந்தம்மா ஊர்ல இல்ல, சென்னிமலைக்குப் போயிருந்தாங்க. எட்டாவது கோபியிலிருந்து வந்ததுன்னு நெனச்சுக்குவாங்க” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பழனாத்தாளுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காரிலிருந்து இறங்கிய வேகத்தைப் பார்த்தால் யாரும் ஐம்பது என்பார்கள். புருஷன் போன பிறகு இருபது வருஷமாகத் தோட்டத்தை ஒண்டியாகக் கட்டி மேய்த்தவள். தோட்டத்துக் கோடியில் நிற்கிற ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய குரல். ரசாக் முன்பக்கத்தில் ஒரு பீரோவைக் காட்டி அழகிரிசாமியை நிறுத்தி வைத்திருந்த நேரத்தில், அவள் யாரையும் கேட்காமல் பின்னால் இருந்த வேலைக் கொட்டகைக்குள் வந்துவிட்டாள்.

“ஏனுங்க அம்மணி, குடிக்கச் சித்தெ தண்ணி கெடைக்குமுங்களா?”

ரம்லா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வரிசையின் முதல் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்கம்மா. உங்க ஊட்டு நாற்காலிதானுங்க.”

பழனாத்தாள் அதைப் பார்த்தாள். பிறகு அறுத்து அடுக்கியிருந்த பலகைகளின் மேல் போய் உட்கார்ந்தாள்.

“எனக்கு இதுதாஞ் செரி கண்ணு. அந்தச் சேர்ல நாங்க உக்காந்ததில்ல. முன்னால ஆசாரக் கூடத்துல வரிசையாப் போட்டிருக்கும். எங்க மாமனாரு, அவரு தம்பிங்க, வர்ற ஒறம்பரை ஆம்பளைங்க, இவங்கதான் உக்காருவாங்க. பொம்பளைங்க தொடைச்சு வெக்கறதோட செரி. நான் அந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்து நாப்பத்தெட்டு வருசமாச்சு. ஒரு நாளு உக்காந்ததில்ல.”

“அவங்கெல்லாம் போன பொறகுமுங்களா?”

“பொறகு யாரு தடுக்கறது? யாருமில்ல. ஆனா ஒடம்பு உக்காரமாட்டீங்குது” என்று சொல்லிவிட்டுப் பழனாத்தாள் சிரித்தாள்.

ரம்லாவின் கண் எட்டாவது நாற்காலிக்குப் போனது. கீறலுக்குக் கீறல் யோசித்துச் செய்தவள், அந்த வீட்டில் பெண்கள் நாற்காலியில் உட்காருவார்களா என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டாள். எட்டாவது ஆளாக எந்த ஆணை வைத்துத் தேய்த்திருந்தாலும் தப்பித்திருக்கலாம். அங்கே உட்காரவே உட்காராத ஒருத்தியைப் பிடித்துப் பதினெட்டு நாள் உட்கார வைத்திருக்கிறாள். அந்த ஒருத்தியே இப்போது எதிரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். எதையாவது போட்டு நாற்காலியை மூடிவிடலாமா என்று ரம்லா திரும்பினாள். அதற்குள் அழகிரிசாமி நோட்டும் பேனாவுமாக உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே ரசாக்.

“சொல்லுங்கம்மா, ஒவ்வொண்ணா எழுதிக்கறேன்.”

பழனாத்தாள் எழுந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். “இது எங்க மாமனாருதுங்க. பேசறப்ப மோதரத்தால டொக்கு டொக்குன்னு தட்டுவாரு. அந்தச் சத்தம் கேட்டா அடுப்படில எங்களுக்குக் கை ஓடாது. இது சின்ன மாமனாரு. வெத்தலைச் சுண்ணாம்பை அடில தடவிப்போட்டு ஒண்ணுந் தெரியாதவராட்டப் போயிருவாரு. இதுல எங்க ஊட்டுக்காரரு. உக்காந்தா ஆடிக்கிட்டே இருப்பாரு. கீழ உளுந்து போடுவீங்கன்னு நான் உள்ள இருந்தே சாடை காட்டுவேன்.”

அதைச் சொல்லும்போது மட்டும் அந்தப் பெரிய குரல் கொஞ்சம் இறங்கியது.

அத்தனை பயத்திலும் ரம்லாவுக்கு உடம்பு சிலிர்த்தது. மோதிரக்காரர், சுண்ணாம்புக்காரர், ஆடுகிறவர், அடுத்ததாகத் தூங்குகிறவர். மரத்தை மட்டும் பார்த்து அவள் கண்ட ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் நிஜமாகவே இருந்திருக்கிறார்கள். எனக்கு முன்னமே தெரியும் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஏழு முடிந்து, பழனாத்தாள் எட்டாவதன் முன்னால் வந்து நின்றாள்.

நாற்காலிக் கையின் உள்பக்கம் விரலை ஓட்டினாள். வளையல் கீறல்களின் மேல் விரல் நின்றது. குனிந்து, மெட்டி உரசிய தடத்தைப் பார்த்தாள். மடித்த கால் படுகிற இடத்தை உள்ளங்கையால் தடவினாள். பிறகு நிமிர்ந்து ரம்லாவைப் பார்த்தாள். முகத்தை அல்ல, கையை. உப்புத்தாள் உரசி உரசிச் சிவந்த தடம் ரம்லாவின் மணிக்கட்டில் இன்னும் ஆறாமல் இருந்தது. ரம்லா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“இது யாருதுங்கம்மா?” என்று அழகிரிசாமி பேனாவைத் தூக்கினார். ரசாக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதுங்களா?” என்றாள் பழனாத்தாள். “இது என்ர சேருங்க.”

“அடடே! இதைத்தான் முதல்ல போடணும். அம்மா உக்காந்த நாற்காலி.”

“எழுதாதீங்க. இதைக் குடுக்கறதா இல்ல. ஏழுதான் விக்கறதுன்னு நான் சொல்லி வெச்சிருந்தது. நான் சென்னிமலைக்குப் போன நேரம் பாத்துப் பையன் இதையும் சேத்து ஏத்தி உட்டுப்போட்டான். பாய் மேல தப்பில்லீங்க, அவருக்கென்ன தெரியும்? வந்த கையோட எடுத்துட்டுப் போலாம்னுதான் நானே வந்தேன்.”

குரலில் ஒரு துளி தடுமாற்றம் இல்லை. கடையின் பெயரையும் கெடவிடவில்லை, பொய்யாகச் செய்த சாமானை விற்கவும் விடவில்லை. யோசிக்க அவளுக்கு இருந்தது அரை நிமிஷம். இப்படி ஒரு மனுஷியை ரம்லா அதுவரை பார்த்ததில்லை.

அழகிரிசாமி கெஞ்சிப் பார்த்தார், விலையை ஏற்றிப் பார்த்தார். பழனாத்தாள் அசையவில்லை. கடைசியில் அவர் அலுத்துப்போய், “அப்ப எட்டாவதுக்கு என்ன பண்றது பாய்?” என்றார்.

ரசாக் வாயைத் திறந்தான். “நம்ம மேஸ்திரிகிட்டச் சொல்லி...”

“மேஸ்திரியெல்லாம் யாருமில்லீங்க சார்” என்றாள் ரம்லா. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. “இங்க வேலை செய்யறது நானுங்க. எட்டாவதை நான் செஞ்சு தர்றேன். அதைப் புதுசுன்னே அட்டையில எழுதுங்க. எட்டுல எது புதுசுன்னு கண்டுபிடிங்கன்னு வர்றவங்களைக் கேளுங்க.”

அழகிரிசாமி அவளைப் பார்த்தார், ஏழு நாற்காலிகளையும் ஒருமுறை பார்த்தார். “இந்தப் பாலீஷ் எல்லாம் நீங்க போட்டதுங்களா?” என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார். “அப்ப அடுத்த வாரம் குன்னூருக்கு நீங்களே வந்து அறைகளைப் பாத்துருங்க. கட்டில், பீரோ எல்லாம் உங்ககிட்டயே பேசிக்கறேன்.”

பாலக்காட்டு மேஸ்திரியின் மரணத்துக்குத் துக்கம் கொண்டாட ரசாக் ஒருவன்தான் இருந்தான். அதுவும் ரொம்ப நேரம் இல்லை. நாற்காலியை வெள்ளகோவிலுக்கு ஏற்றிவிட வண்டி பார்க்கப் போனான். அழகிரிசாமி அவனோடு பேசிக்கொண்டே வெளியே நடந்தார். கொட்டகையில் இரண்டு பெண்கள் மட்டும் நின்றார்கள்.

“தப்புப் பண்ணிட்டேனுங்கம்மா” என்றாள் ரம்லா. “உங்க ஊட்டு வழக்கத்தைக் கேக்காமயே...”

“எத்தன நாளு உக்காந்தே?”

“பதினெட்டு நாளுங்க.”

“என்ன பண்ணிக்கிட்டு?”

“மொச்சை உரிச்சேன். பூண்டு, முருங்கைக்கீரை. மத்தியானத்துல சித்த நேரம் தூங்கினேன்.”

பழனாத்தாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். “செரி, வெலை என்னன்னு சொல்லு.”

“உங்க சேருக்கு உங்ககிட்டயே விலை வாங்கறதுங்களா?”

பழனாத்தாள் சிரித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தாள். பிறகு மெதுவாக, நுனியில், யாராவது வந்தால் எழுந்துவிடத் தயாராக உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. சற்று உள்ளே தள்ளி, முதுகைச் சாய்த்துக்கொண்டாள். இடது காலை மடித்துப் போட்டாள். வளையலில்லாத கைகள் இரண்டும் நாற்காலியின் கைகளில் போய் அமர்ந்தன. ரம்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பழனாத்தாள் கீறல்களின் மேல் கட்டைவிரலை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள்.

“ரொம்ப வருசமா உக்காந்திருக்கறேனாட்ட இருக்குதே அம்மணி” என்றாள்.